உள்ளாட்சி அலுவலகத்தில் ஓப்பன் சோர்ஸ்: எது உங்கள் கையில் இருக்கிறது, எங்கே தொடங்குவது?

கேள்வி: நான் ஒரு பேரூராட்சியில் கவுன்சிலர். கணினிக்கும் மென்பொருளுக்கும் வருடா வருடம் செலவு கணக்கில் வருகிறது. ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு மாறினால் பணம் மிச்சமாகுமா? வரி, புகார், கட்டட அனுமதி எல்லாவற்றையும் அதில் செய்ய முடியுமா? பாதுகாப்பானதா? எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்:

மாறலாம், மாறவும் வேண்டும். ஆனால் பணம் மிச்சம் என்ற ஒரே காரணத்தை மன்றத்தில் வைத்தால், இரண்டு வருடத்தில் யாராவது கணக்கைக் காட்டி உங்களை மடக்கிவிடுவார்கள். ஒரு பேரூராட்சியில் பத்துப் பதினைந்து கணினிகள் இருக்கலாம். விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் கணினியின் விலையோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. எம்.எஸ். ஆபீஸ் உரிமமும் ஆன்டிவைரஸ் சந்தாவும் மிச்சமாகும். நல்லதுதான், ஆனால் பேரூராட்சியின் பட்ஜெட்டில் அது கண்ணில் படுகிற தொகை இல்லை. பயிற்சிக்கும் பழைய கோப்புகளை மாற்றுவதற்கும் முதல் வருடத்தில் அதே அளவு செலவாகவும் கூடும்.

பணம் உண்மையில் கரைவது வேறு இடத்தில். ஒரே விவரத்தை மூன்று பிரிவுகளில் மூன்று முறை டைப் அடிக்கிறார்கள். படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்க வேண்டுமென்றால் அதற்குத் தனி பில் வருகிறது. ஒப்பந்ததாரர் மாறினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஒரு நகராட்சியில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். வரி மென்பொருள் எழுதித் தந்த நிறுவனத்தின் ஒப்பந்தம் முடிந்தது. தரவுத்தளத்தின் நகலை ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எங்கும் எழுதவில்லை. புதிதாக வந்தவர்கள் கையில் கிடைத்தவை அச்சிட்ட அறிக்கைகளும் சில எக்செல் தாள்களும்தான். கேட்பு, வசூல், நிலுவைக் கணக்கை வார்டு வார்டாக உட்கார்ந்து மறுபடி ஏற்றினார்கள். கட்டி முடித்த வரிக்கு மறுபடி நோட்டீஸ் போனது. வீட்டில் பழைய ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு வயதானவர்கள் கவுன்ட்டரில் வரிசையில் நின்றார்கள். ஊர் மக்களின் வரிக் கணக்கு ஊரின் கையில் இல்லாமல் போனதன் விலை அது. ஓப்பன் சோர்ஸ் பற்றி நான் இவ்வளவு அக்கறையோடு பேசுவதற்குக் காரணமும் அதுதான்.

ஓப்பன் சோர்ஸ் என்றால் இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். விலையைவிட உரிமைதான் அதில் முக்கியம். மென்பொருளின் மூல நிரலை, அதாவது அது எழுதப்பட்ட கட்டளைகளை, பார்க்கலாம், யாரை வைத்தும் மாற்றிக்கொள்ளலாம், மாற்றியதை அடுத்த ஊருக்குக் கொடுக்கலாம். ஜி.பி.எல்., எம்.ஐ.டி. போன்ற உரிமங்கள் இந்த உரிமையைச் சட்டப்படி தருகின்றன. பராமரிக்கிறவருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் சரியில்லையென்றால் ஆளை மாற்றலாம், மென்பொருளையும் தரவையும் இழக்க வேண்டியதில்லை.

சரி, எல்லாவற்றையும் அதில் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு வருவோம். இதில் பாதி உங்கள் மன்றத்தின் கையில் இல்லை. தமிழ்நாட்டில் சொத்து வரியையும் குடிநீர்க் கட்டணத்தையும் நகர்ப்புற உள்ளாட்சிகள் பெரும்பாலும் மாநில அளவிலான பொது இணையதளம் வழியாகவே வசூலிக்கின்றன. கிராம ஊராட்சிகளுக்குத் தனி வரி இணையதளம் இருக்கிறது. கட்டட அனுமதிக்கு ஒற்றைச் சாளர முறை. பிறப்பு, இறப்புப் பதிவும் பொது இணையதளம் வழியாகத்தான். ஊராட்சிகளின் திட்டமும் கணக்கும் 2020 ஏப்ரலில் தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஏறுகின்றன. இவற்றை ஒரு பேரூராட்சி தனியாக மாற்ற முடியாது, மாற்ற முயல்வதும் சரியில்லை. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளும் நூற்றுக்கணக்கான பேரூராட்சிகளும் இருக்கிற மாநிலத்தில் ஆளுக்கொரு வரி மென்பொருள் என்பது பெரிய வீண்செலவு. அந்த மாநில அளவிலான மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கையில் இருப்பவையும் குறைவில்லை. கடிதங்கள், மன்றப் பொருள் நிரல், தீர்மானங்கள், தெருவிளக்குப் பட்டியல், குடிநீர்க் குழாய், வால்வு இருக்கும் இடங்கள், பேரூராட்சிச் சொத்துகளின் பதிவேடு, கடை ஏலக் கணக்கு, வாட்ஸ்அப் குழுவில் வந்து காணாமல் போகிற புகார்கள், ஊரின் வரைபடம். அன்றாட நிர்வாகம் இவற்றில்தான் ஓடுகிறது. இதிலிருந்து தொடங்குங்கள்.

முதல் வேலை, தமிழ்க் கோப்புகள். நம் அரசு அலுவலகங்களில் பல வருடங்கள் வானவில் போன்ற எழுத்துருக்களில்தான் தட்டச்சு நடந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாகத் தெரியும். தேட முடியாது, அகர வரிசைப்படுத்த முடியாது. வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோனால் குப்பையாகிவிடும். எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிவதற்கான யூனிகோடை 2010-லேயே தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பழைய கோப்புகள் பழைய குறியேற்றத்திலேயே (எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறை) கிடக்கின்றன, சில இடங்களில் புதியவையும் அதிலேயே அடிக்கப்படுகின்றன. இதைச் சரிசெய்யாமல் எந்த மென்பொருளுக்கு மாறினாலும் பயனில்லை. ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பு, தன்னார்வலர்கள் உருவாக்கிய எழுத்துரு மாற்றிகள் ஆகியவை பழைய குறியேற்றத்தை யூனிகோடாக மாற்றித் தரும். மாற்றியதும் பெயர்களையும் கிரந்த எழுத்துகளையும் ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும், குறிப்பாகக் கதவு எண்ணும் எழுத்தும் கலந்து வருகிற இடங்களில். அச்சிட்ட பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து, டெசராக்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் எழுத்துணரியால் ஓரளவு நன்றாகவே தமிழ் உரையாக்கலாம். கையெழுத்துப் பதிவேடுகளுக்கு அது உதவாது, அவற்றை ஸ்கேன் செய்து ஒழுங்காகப் பெயரிட்டு வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புதிய கோப்புகளுக்கு, எம்.எஸ். ஆபீஸுக்குப் பதிலான ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் லிப்ரே ஆபீஸ் போதும். அதற்குத் தமிழ் இடைமுகமே இருக்கிறது. அது சேமிக்கும் ஓ.டி.எஃப். வடிவம் 2006-லிருந்து பன்னாட்டுத் தரம், எந்த நிறுவனத்துக்கும் சொந்தமானது கிடையாது. ஒரு எச்சரிக்கை: மேலதிகாரிகள் அலுவலகத்திலிருந்து வருகிற எக்செல் படிவங்களில் மேக்ரோ (தானாக வேலை செய்யும் சிறு நிரல்) இருந்தால் லிப்ரே ஆபீஸில் அவை சரியாக ஓடாமல் போகலாம். டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களுக்கான மென்பொருளும் பெரும்பாலும் விண்டோஸை மனதில் வைத்தே எழுதப்பட்டிருக்கும். அதனால் கணக்குப் பிரிவிலும் கவுன்ட்டரிலும் இருக்கிற கணினிகளை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

அடுத்தது வரைபடம். உள்ளாட்சிக்கு ஓப்பன் சோர்ஸ் தந்த மிகப் பெரிய கொடை என்று நான் கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருளைத்தான் சொல்வேன். 2002-ல் தொடங்கிய திட்டம் அது. சுவிட்சர்லாந்தில் மாகாண அரசுகளே அதைப் பயன்படுத்துவதோடு, அதன் வளர்ச்சிக்குப் பணமும் தருகின்றன. இதே வேலைக்கான வணிக மென்பொருளின் உரிமக் கட்டணத்தை ஒரு பேரூராட்சி நினைத்துப் பார்க்க முடியாது. இங்கே மட்டும் பணம் மிச்சம் என்ற வாதம் முழுக்கப் பொருந்தும்.

அதை வைத்து என்ன செய்யலாம்? வார்டு எல்லை, தெருக்கள், கட்டடங்களின் வெளிக்கோடு ஆகியவற்றை ஒவ்வொரு அடுக்காக வரைந்துகொள்ளுங்கள். களத்துக்குப் போகிறவர் கையில் கியூஃபீல்டு அல்லது ஓ.டி.கே. கலெக்ட் செயலி உள்ள ஆண்ட்ராய்டு போன் இருந்தால் போதும், இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் விவரம் சேர்க்கலாம். அவர் ஒவ்வொரு கட்டடத்துக்கும் வரிவிதிப்பு எண்ணைப் பதிந்து வருகிறார். பிறகு வரிப் பதிவேட்டோடு இணைத்துப் பார்த்தால் மூன்று வகை தெரியும்: கட்டடம் இருக்கிறது, எண் இல்லை; எண் இருக்கிறது, கட்டடம் இல்லை; ஓட்டு வீடு என்று பதிவில் இருக்கிறது, நேரில் மூன்று மாடி நிற்கிறது. வரி விகிதத்தை உயர்த்தாமலே வருவாய் கூடுவதற்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. வரியை ஒழுங்காகக் கட்டுகிறவர் தலையில் மட்டும் சுமை ஏறிக்கொண்டே போவதும் குறையும்.

தெருவிளக்குக் கம்பங்களுக்கு எண் கொடுத்து அதே வரைபடத்தில் ஏற்றினால், எந்தக் கம்பத்தில் எத்தனை முறை பழுது பார்த்ததாக பில் வந்திருக்கிறது என்று கேட்க முடியும். குடிநீர்க் குழாய்தான் இதில் ரொம்ப முக்கியம். எந்தத் தெருவில் எந்த வால்வு என்பது பல ஊர்களில் ஒரே ஒரு குழாய்ப் பணியாளரின் நினைவில் மட்டும் இருக்கிறது. அவர் ஓய்வு பெற்ற மறுநாள் குழாய் உடைந்தால் தெருவையே தோண்ட வேண்டியதுதான். அவரை வண்டியில் கூட்டிக்கொண்டு போய், அவர் கை காட்டுகிற ஒவ்வொரு இடத்தையும் போனில் பதிந்துகொள்ளுங்கள். எந்த மென்பொருள் வாங்குவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வரைபடம் தயாரிப்பதற்கான பழைய முன் அனுமதிக் கட்டுப்பாடுகளைப் பெருமளவு நீக்கிவிட்டது. தெருப் பெயர், பொதுக் கழிப்பறை, அங்கன்வாடி, மழைநீர் வடிகால் போன்ற பொது விவரங்களை, யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் ஏற்றிவிடுங்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநரிலிருந்து மாணவர்கள் வரை எல்லோருக்கும் பயன்படும். ஆனால் யார் வீட்டுக்கு எவ்வளவு வரி, யாருக்கு எவ்வளவு பாக்கி, கைப்பேசி எண் என்ன என்பதெல்லாம் அலுவலகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது.

இனி, எல்லாக் கணினியையும் விண்டோஸுக்குப் பதிலான ஓப்பன் சோர்ஸ் இயங்குதளமான லினக்ஸுக்கு மாற்றிவிடலாம் என்று யாராவது உற்சாகமாகச் சொன்னால், ஜெர்மனியின் மியூனிக் நகர நிர்வாகத்தின் கதையைச் சொல்லுங்கள். உலகத்தில் எந்த உள்ளாட்சியும் இதை அவ்வளவு பெரிய அளவில் செய்ததில்லை. அதன் வெற்றியிலும் தோல்வியிலும் நமக்குப் பாடம் இருக்கிறது.

விண்டோஸ் என்.டி. 4-க்கான ஆதரவு நிற்கப் போகிறது என்ற நிலையில், 2003 மே மாதம் மியூனிக் நகர மன்றம் சுமார் 14,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்ற முடிவெடுத்தது. முடிவுக்கு முன்னால் மைக்ரோசாஃப்டின் தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மரே நேரில் வந்து மேயர் கிறிஸ்டியன் உடேயைச் சந்தித்துப் பேசினார். நகரம் அசையவில்லை. அவசரமும் படவில்லை. லிமக்ஸ் என்று தங்களுக்கென ஒரு லினக்ஸ் பதிப்பை உருவாக்கினார்கள். துறைக்குத் துறை சிதறிக் கிடந்த ஆயிரக்கணக்கான படிவங்களையும் மேக்ரோக்களையும் ஒழுங்குபடுத்த வோல்மக்ஸ் என்ற கருவியை எழுதி, அதையும் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டார்கள். 2013 முடிவில் ஏறக்குறைய 15,000 கணினிகள் மாறியிருந்தன. 1 கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்று நகரம் கணக்குக் காட்டியது.

2014-ல் மேயர் மாறினார். புதிய மேயர் டீட்டர் ரைட்டருக்கு இந்தத் திட்டத்தின் மீது நம்பிக்கை இல்லை. ஊழியர்களும் குறைகள் சொன்னார்கள்: வெளியிலிருந்து வருகிற ஆவணங்கள் சரியாகத் திறப்பதில்லை, சில துறை மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே ஓடுகின்றன, கணினியில் இருக்கிற பதிப்பு பழையதாகிவிட்டது. 2017 நவம்பரில் நகர மன்றம் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அதற்கான செலவு மட்டும் ஏறக்குறைய 5 கோடி யூரோ என்று மதிப்பிட்டார்கள். நகரமே அமர்த்திய ஆலோசகர்களின் அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? பெரிய சிக்கல்கள் லினக்ஸில் இல்லை, நிர்வாக அமைப்பில் இருக்கின்றன என்றது. ஒரே நகர நிர்வாகத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட தனித்தனிக் கணினிப் பிரிவுகள் இருந்தன. ஒரு பிரச்சினை வந்தால் யாரைக் கேட்பது என்றே ஊழியருக்குத் தெரியவில்லை. எதில் குறை வந்தாலும் பழி லினக்ஸ் மீது விழுந்தது. பிறகு 2020-ல் வந்த கூட்டணி, பொதுப் பணத்தில் எழுதும் மென்பொருளின் நிரல் பொதுவில் இருக்க வேண்டும் என்ற கொள்கையை மறுபடி கையில் எடுத்தது.

நம் ஊரிலும் இதற்குச் சின்ன அளவில் ஒரு முன்னுதாரணம் உண்டு. 2006-க்குப் பிந்தைய ஓரிரு ஆண்டுகளில், ஐ.ஏ.எஸ். அதிகாரி சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸையும் ஓப்பன் ஆபீஸையும் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் கொண்டுபோனது. துணிச்சலான முயற்சி. அவர் அந்தப் பொறுப்பிலிருந்து போனதும் வேகமும் போய்விட்டது. ஒரு மேயரையோ ஒரு அதிகாரியையோ நம்பி நிற்கிற மாற்றம் அவர் இருக்கும்வரைதான் இருக்கும். விதியிலும் ஒப்பந்தத்திலும் எழுதி வைத்தால்தான் அடுத்தவர் காலத்திலும் நிற்கும்.

இப்போது ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு வேறு வரிசையில் போகிறது. 2024-ல் சுமார் 30,000 கணினிகளுக்கு லிப்ரே ஆபீஸ் என்று முடிவெடுத்தது, அதன் பிறகு மின்னஞ்சலை மாற்றியது. இயங்குதளத்தைக் கடைசியில் வைத்திருக்கிறது. ஊழியர் பழகிய திரையை ஒரே நாளில் மாற்றாமல், உள்ளே இருக்கிற கருவிகளை ஒவ்வொன்றாக மாற்றுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

லினக்ஸை எங்காவது போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அறிவுசார் மையத்தில் போடுங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு வேண்டியது பிரவுசரும் பி.டி.எஃப். படிக்கும் வசதியும்தான். வைரஸ் தொல்லையும் குறையும். டென்மார்க்கில் நகராட்சி நூலகங்களின் பொதுக் கணினிகளை இப்படித்தான் லினக்ஸில் ஓட்டுகிறார்கள். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகளைக் கழித்துக்கட்டாமல் இங்கே இன்னும் சில வருடங்கள் ஓட்டலாம்.

அந்த டென்மார்க்கில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. ஓ.எஸ்.2 என்ற பெயரில் நகராட்சிகளே சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. நாட்டில் இருக்கிற 98 நகராட்சிகளில் பெரும்பாலானவை அதில் உறுப்பினர்கள். ஒரு ஊருக்குத் தேவையான மென்பொருளை எழுதச் சொல்லிப் பணம் கொடுத்தால், நிரல் கூட்டமைப்பின் பொதுச் சொத்தாகிறது. பராமரிக்கும் வேலைக்குப் பல நிறுவனங்கள் போட்டியிடலாம். பக்கத்து ஊர் அதையே எடுத்துப் பயன்படுத்தலாம். மாநில அளவிலான வரி மென்பொருளைப் பற்றி நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.

நம் நாட்டிலேயே இதற்கு அடித்தளம் இருக்கிறது. இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலேகனியும் ஸ்ரீகாந்த் நாதமுனியும் 2003-ல் பெங்களூருவில் தொடங்கிய ஈகவர்ன்மென்ட்ஸ் ஃபவுண்டேஷன், டிஜிட் என்ற தளத்தை எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியிட்டிருக்கிறது. சொத்து வரி, தொழில் உரிமம், புகார், குடிநீர் இணைப்பு, கட்டட அனுமதி எல்லாவற்றுக்கும் அதில் பகுதிகள் உண்டு. பஞ்சாபின் நகர்ப்புற உள்ளாட்சிகள் பயன்படுத்தும் எம்-சேவா தளம் இதன் மேல்தான் கட்டப்பட்டது. 2021-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற டிஜிட்டல் இயக்கத்தின் உப்யோக் தளமும் இதிலிருந்து கிளைத்ததே. இதைத் தரவிறக்கிப் பேரூராட்சி அலுவலகத்தில் நிறுவிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். குபர்நெட்டிஸ், காஃப்கா, போஸ்ட்கிரெஸ் போன்ற சர்வர் மென்பொருள்கள் எல்லாம் சேர்ந்து ஓடுகிற பெரிய அமைப்பு அது, தேர்ந்த பொறியாளர் குழு இல்லாமல் ஒரு வாரம்கூடத் தாங்காது. மாநிலம் ஓட்ட வேண்டும், ஊர்கள் பயன்படுத்த வேண்டும். கேரளம் 1999-லேயே இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன் என்று உள்ளாட்சிக் கணினிமயத்துக்கெனத் தனி அரசு அமைப்பை ஏற்படுத்தியது. உள்ளாட்சிச் சேவைகளுக்கான கே-ஸ்மார்ட் தளத்தை அந்த அமைப்புதான் உருவாக்கியது. இப்படி அரசுக்குள்ளேயே ஒரு நிரந்தரக் குழு இருப்பதுதான் கேரளத்தின் பலம் என்பேன்.

புகார் விஷயத்தில் ஒரு பழக்கத்தை மட்டும் வெளிநாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். 2007-ல் இங்கிலாந்தில் தொடங்கிய ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளத்தில் சாலைப் பள்ளம், குப்பை பற்றிய புகார் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வரைபடத்தில் நிற்கும். ஜூரிக் நகர நிர்வாகம் அதே நிரலை எடுத்துத் தன் ஊருக்கு மாற்றிப் பயன்படுத்தியது. நீங்கள் தனியாகச் செயலி கட்ட வேண்டாம். புகாருக்கு எண், தேதி, தெரு, வகை, முடித்த தேதி என ஐந்து பத்திகள் கொண்ட விரிதாளை வைத்து, மாதம் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்து டெண்டர். ஒன்றிய அரசு 2015 மார்ச்சில் வெளியிட்ட கொள்கை, மென்பொருள் வாங்கும்போது ஓப்பன் சோர்ஸுக்கு முன்னுரிமை தர வேண்டும், அதைத் தவிர்த்தால் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது. மாநிலங்கள் விரும்பினால் ஏற்கலாம். உங்கள் ஊரின் இணையதளத்துக்கோ வரைபடப் பணிக்கோ ஒப்பந்தப்புள்ளி கோரும்போது இதைச் சுட்டிக்காட்டுங்கள். மூல நிரலும் அதை நிறுவும் வழிமுறையும் ஒப்படைக்கப்பட வேண்டும், பதிப்புரிமை உள்ளாட்சியின் பெயரில் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். தரவுத்தளத்தின் முழு நகல் மாதாமாதம் திறந்த வடிவத்தில் அலுவலகத்துக்கு வர வேண்டும். இணைய முகவரியும் சர்வர் கணக்கும் அலுவலகத்தின் பெயரில்தான் பதிவாக வேண்டும், நிர்வாகக் கடவுச்சொல் செயல் அலுவலரின் பொறுப்பில் இருக்க வேண்டும்.

எழுதினால் மட்டும் போதாது. கடைசி பில்லை பாஸ் செய்வதற்கு முன், அந்த நிறுவனத்தோடு சம்பந்தமில்லாத ஒரு பொறியாளரை அழைத்து, ஒப்படைத்த நிரலையும் தரவையும் மட்டும் வைத்து வெறும் கணினி ஒன்றில் நிறுவிக் காட்டச் சொல்லுங்கள். ஓடினால் பணம் கொடுங்கள். மூல நிரல் என்ற பெயரில் பாதிக் கோப்புகளை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிற வழக்கத்தை இந்த ஒரு சோதனை நிறுத்திவிடும்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டீர்கள். நிரல் திறந்திருப்பதால் ஆபத்து என்பது சரியில்லை, திறந்திருப்பதாலேயே பாதுகாப்பு என்பதும் சரியில்லை. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஓப்பன் சோர்ஸ் நிரல்துண்டில் கண்டுபிடித்த ஓட்டை உலகம் முழுக்க அரசுகளையும் நிறுவனங்களையும் ஓட வைத்தது. திருத்தம் சில நாட்களிலேயே வந்துவிட்டது. உடனே புதுப்பித்தவர்கள் தப்பினார்கள், புதுப்பிக்க ஆள் இல்லாதவர்கள் மாட்டினார்கள். உங்கள் ஊரில் யார் புதுப்பிப்பார்கள் என்பதுதான் கேள்வி. அப்புறம், காப்புநகல். அலுவலகத்தில் ஒன்று, வெளியே வேறு கட்டடத்தில் ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து மீட்டெடுத்துப் பாருங்கள், மீட்டுப் பார்க்காத நகலை நம்ப முடியாது.

ஆள் எங்கே கிடைப்பார்? ஒரு பேரூராட்சியால் தனியாகப் பொறியாளர் வைத்துக்கொள்ள முடியாது. அக்கம்பக்கத்துப் பேரூராட்சிகள் ஐந்தாறு சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம், உதவி இயக்குநர் அலுவலகம் மூலம் இதைக் கேட்டுப் பாருங்கள். பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி மாணவர்களைப் பயிற்சிக் காலத்தில் கள ஆய்வுக்கு அழைக்கலாம், ஆனால் பொறுப்பை அவர்கள் தலையில் வைக்காதீர்கள். விழுப்புரம், காஞ்சிபுரம், சென்னை எனப் பல இடங்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. கணியம் அறக்கட்டளை பல வருடங்களாகத் தமிழிலேயே பாடங்கள் வெளியிடுகிறது. கேட்டால் மனமுவந்து உதவுவார்கள். எல்லாவற்றையும்விட, அலுவலகத்தில் இப்போது இருக்கிற கணினி இயக்குநருக்குக் கியூஜிஸ் பயிற்சி கொடுங்கள். ஒப்பந்தப் பணியாளராக இருந்தாலும் கொடுங்கள். ஊரை அறிந்தவர் வரைபடத்தையும் கற்றுக்கொண்டால் கிடைக்கிற பயன் வெளியாள் யாராலும் கிடைக்காது.

அடுத்த மன்றக் கூட்டத்துக்கு மூன்று பொருள்களை மட்டும் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இனி அலுவலகத்தில் தட்டச்சாகும் எல்லாத் தமிழ்க் கோப்பும் யூனிகோடில் இருக்க வேண்டும். குடிநீர் வால்வு, தெருவிளக்கு, பேரூராட்சிச் சொத்து ஆகியவற்றை ஆறு மாதத்துக்குள் வரைபடத்தில் ஏற்ற வேண்டும். இனி போடும் எந்தக் கணினி ஒப்பந்தத்திலும் மூல நிரலையும் தரவையும் ஒப்படைக்கும் நிபந்தனை இருக்க வேண்டும். முதலாவதற்குச் செலவே இல்லை. இரண்டாவதற்கு இரண்டு ஆண்ட்ராய்டு போனும் ஒரு நல்ல கணினியும் போதும். மூன்றாவதற்குத்தான் எதிர்ப்பு வரும். அதனால் அதற்கான வாசகத்தை முன்கூட்டியே செயல் அலுவலரோடு உட்கார்ந்து எழுதி, கையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.